அவித்த நத்தை

நீடாமங்கலம் ஸ்டேஷன் வாசலில் அவித்த நத்தை விற்ற கிழவிக்கு முன்பல் இல்லை. ஒவ்வொரு இலையோடும் ஒரு கருவேல முள்ளையும் வைத்துக் கொடுப்பாள்.

"செம டேஸ்ட்ப்பா," என்றாள் என் பதினைந்து வயது மகள். எந்தச் சாப்பாட்டை மறைத்து நான் ஆபீசர் ஆனேனோ, அது அவளுக்கு டேஸ்ட். ஆபீஸ்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று கோழி திருடியவனைப்போல் முழித்தேன். அவள் ஓட்டுக்குள் முள்ளை விட்டுத் தடுமாறவும், என் கை தானாக அதை வாங்கி ஒரே சுழற்றலில் கறியை எடுத்துவிட்டது.

"சாருன்னு நெனச்சேன், நம்ம புள்ளதானா?" என்றாள் கிழவி. "கூலி ஒசத்திக் கேட்டோம்னு பண்ணையாருங்க வேலை குடுக்காதப்ப இதான தம்பி சோறு. ருசியா இருந்துச்சான்னு யாரு பாத்தா?"

"அப்பா, நீங்களுமா?" என்றாள் மகள்.

"ரயில் வந்திருச்சு, எந்திரி," என்றேன். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. கிழவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னொரு முள்ளை என் பக்கம் நகர்த்தினாள்.