குகையில் நான் எழுதிய சீட்டு

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கர்வத்தோடுதான், ப்ளஸ் டூ முடித்த விடுமுறையில், பட்டாபிராமிலிருந்து ரயிலேறிச் சின்னமலைக்குப் போனேன். கிறிஸ்துவின் சீடர் ஒருவர் ஒளிந்திருந்து ஜெபித்ததாகச் சொல்லும் குகை அங்கே இருக்கிறது. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பாறை இடுக்கில் செருகுவார்கள்.

குனிந்து உள்ளே நுழைந்ததும், கள்ளிக்குப்பத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஓர் அக்கா என் கையில் சீட்டைத் திணித்தாள். "நீ படிச்ச பொண்ணாட்டம் கீற. எனுக்கு எழுதத் தெரியாது. எம் புருசன் செத்துப் பூடணும்னு எழுது கண்ணு."

"ஐயோ, அப்படியெல்லாம் கேக்கலாமாக்கா?"

"நான் சாமியாண்ட கேக்குறேன், உன்னாண்டயா கேக்குறேன்? எழுது."

அவளுக்கு அந்தப் பாவம் வேண்டாம் என்று நானே முடிவு செய்து, 'என் கணவர் நூறு வயது வாழ வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை உயர்த்தி இடுக்கின் ஆழத்தில் செருகினாள். முந்தானை சரிந்தது. தோளிலிருந்து முழங்கை வரை தீக்காயம், இன்னும் ஆறாதது.

"சொன்னதத்தானே எழுதின?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் போனபின் இடுக்கில் விரல் விட்டுத் துழாவினேன். எட்டவில்லை.

ஆண்டுகள் ஆகிவிட்டன. என் முத்தான கையெழுத்தில், அவள் கேட்காத ஒன்றை, அவளுக்காக நான் இன்னும் அந்த இருட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.