இரண்டாம் இடத்தில் மூன்று வாரம்

என் அக்காவுக்கு வானொலி நிலையத்தில் 'தராசு' என்று பெயர். கேலியாக இல்லை, புகழ்ந்துதான் வைத்தார்கள். அவளும் அதைக் கேட்டுப் பூரித்துப் போவாள். முப்பத்தோரு வருடம் அங்கே வேலை பார்த்தாள். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை, ஒரு பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. போன வருடம் ஓய்வு பெற்றபோது சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் தவறாதவளுக்குக் கடிகாரம். யாருக்கு வந்த யோசனையோ, நன்றாக இருக்கட்டும்.

அவள் வேலை இதுதான். நேயர்கள் பிடித்த பாட்டை எழுதி அஞ்சலட்டை அனுப்புவார்கள். மூட்டை மூட்டையாக வரும். மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் அக்கா தனியாக உட்கார்ந்து, ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு அட்டைகளைப் பாட்டுவாரியாகப் பிரிப்பாள். நூறு நூறாக ரப்பர் பேண்டு போடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறிவிப்பாளர் 'இந்த வாரப் பத்து' என்று குழைந்து குழைந்து வாசித்ததெல்லாம் அவள் எழுதிக் கொடுத்த தாள்தான். ஊரே அந்த நேரத்தில் ரேடியோவைச் சுற்றி நிற்கும்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. ஒரே கையெழுத்தில் பத்து அட்டை வந்தால் அது கள்ள ஓட்டு. எண்ணக்கூடாது. மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போய்விடும், பெட்டி நிறைந்தால் குப்பைக்கு.

நான் பாடகி. அதாவது ஒரே ஒரு பாட்டுப் பாடியவள். ஹோட்டல் மேடையில் அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த என்னை ஓர் இசைக் கம்பெனி கூப்பிட்டது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வேலை முடிந்து கால் கடுக்க பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு. பாடி முடித்ததும் கம்பெனி மேலாளர் ஒப்பந்தத் தாளை எடுத்துக் காட்டினார், ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு வாரம் முதல் இடத்துக்கு வரட்டும்மா. வந்தா பத்துப் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடலாம். வரலன்னா தப்பா நினைச்சுக்காத, எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

அந்த வருடத்தின் முதலிடங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜனவரியில் விசில் பாட்டு, ஐந்து வாரம். அடுத்து அண்ணனும் தங்கையும் சேர்ந்து பாடிய மழைப் பாட்டு, மூன்று வாரம். ஒரு குத்துச்சண்டை வீரர் மூக்கால் பாடியது ஒரு வாரம். அதற்கு ஓட்டுப் போட்டதாக இன்றுவரை யாரும் ஒத்துக்கொண்டதில்லை. மார்ச்சிலிருந்து மே வரை எவளோ ஒருத்தியின் தொலைபேசிப் பாட்டு. ஜூனில் மன்னிப்புப் பாட்டு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தது. பதினோரு வாரம். பதினோரு வாரமாக ஒருத்தன் மன்னிப்புக் கேட்கிறான் என்றால் அப்படி என்னதான் பண்ணித் தொலைத்தானோ!

ஜூலையில் என் பாட்டு ஒன்பதாவதாக நுழைந்தது. அடுத்து ஆறு, அதற்கடுத்து நான்கு. ஆகஸ்டில் இரண்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அக்காவும் ஒரே அறையில்தான் படுப்போம். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் என் தலையெழுத்தைத் தெரிந்தவள் படுத்திருக்கிறாள், வாயைத் திறக்கமாட்டாள். சனிக்கிழமைதோறும் கேட்பேன்.

"அக்கா, இந்த வாரம் எப்படி?"

"நாளைக்கு ரேடியோல கேளு."

முதல் வாரம் இரண்டாம் இடம். அடுத்த வாரமும் இரண்டு. மூன்றாவது ஞாயிறு அறிவிப்பாளர் வழக்கத்துக்கு மாறாக எண்ணிக்கையையும் சொன்னார்: வெறும் நூற்று நாற்பது ஓட்டில் பஸ் பாட்டு முதலிடத்தைத் தவறவிட்டதாம். அம்மா ரேடியோவை அணைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"உன் பாட்டுக்கு ஒரு கட்டு வந்துச்சு. எல்லாம் ஒரே கையெழுத்து. எடுத்துப் போட்டுட்டேன். நீ யார்கிட்டயாவது சொல்லி எழுத வச்சியா?"

"அம்மா மேல சத்தியமா இல்லக்கா."

"அப்ப சரி."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. மேலாளர்தான் ஏதோ திருட்டு வேலை பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்படி ஓர் அக்காவுக்குத் தங்கையாக இருப்பதே பெருமை என்றுகூட நினைத்தேன். அடுத்த வாரம் பாட்டு ஐந்துக்கு இறங்கியது. அதற்கடுத்த வாரம் பட்டியலிலேயே இல்லை. மேலாளர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. பஸ் பாட்டுப் பாடினவளுக்குப் பஸ் பெயரைப் படிக்கிற வேலை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானே சிரித்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக, நான்காவது நடைமேடையில் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்று ஒரு கண்ணாடி அறைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புப் பாட்டின் கதையும் இடையில் வெளியே வந்தது. அந்தக் கம்பெனி வாராவாரம் நாற்பது கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கு ஒன்பது அட்டை எழுதச் சொன்னதாம். பத்து இல்லை, ஒன்பது. விதி தெரிந்தவன் செய்த வேலை. அத்தனையையும் தராசு ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறாள்.

அதைக்கூட விதி என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு பெண்மணி கண்ணாடியைத் தட்டும்வரை.

"அந்த பஸ் பாட்டு நீங்கதானே? குரல் அப்படியே இருக்கு."

ஆமாம் என்றேன். அப்படிக் கேட்டு யாரும் வந்து பல வருடம் ஆகியிருந்தது. துணி ஆலையில் தையல் பிரிவில் இருந்தாராம்.

"உங்க பாட்டு வந்தா நாங்க மிஷினை நிறுத்திடுவோம். இருநூத்திப் பன்னெண்டு பேர். எனக்கு மட்டுந்தான் எழுத வரும். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எல்லாருக்கும் நானே எழுதினேன், ஒரு வாரம் ஆச்சு. ஆனா ஒவ்வொருத்தியும் அவ அட்டையில அவளே கைநாட்டு வச்சா. துணியில நம்பர் போடுற நீல மை இருக்குல்ல, அதைத் தொட்டு வச்சோம். ஞாயித்துக்கிழமை ரெண்டாவதுன்னு சொன்னதும் பாதிப் பேர் அழுதுட்டாங்க."

அவர் பஸ் ஏறிப் போன பிறகு இரண்டு வண்டிகளின் நடைமேடையை மாற்றிச் சொல்லிவிட்டேன். பயணிகள் திட்டினார்கள். வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், எல்லாத் துண்டும் ஒரே அளவு.

"அந்தக் கட்டுல கைநாட்டு இருந்துச்சாக்கா?"

எந்தக் கட்டு என்று அவள் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் கழித்து நான் கேட்கிறேன், அப்படியும் அவள் கேட்கவில்லை.

"இருந்துச்சு. நீல மை."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும். வேற வேற விரல். லென்ஸ் வச்சுப் பாத்தேன்."

"அப்ப கள்ள ஓட்டு இல்லன்னு உனக்குத் தெரியும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "அதுக்கு முந்தின வருஷம் கண் தெரியாதவங்க விடுதியிலேருந்து இதே மாதிரி வந்துச்சு. ஒரே கையெழுத்து, எல்லாத்துலயும் கைநாட்டு. மேல கேட்டுட்டு எண்ணிச் சேத்தேன்."

"என்னோடதுக்கு மட்டும் ஏன்க்கா கேக்கல?"

"உன்னோடதுங்கறதாலதான். வேற யார் பாட்டா இருந்தாலும் எண்ணியிருப்பேன். தங்கச்சிக்குச் சேத்துப் போட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுல்ல?"

யாரும் சொல்லவில்லை. அவள் ஓய்வு பெற்ற அன்று நிலைய இயக்குநர் மைக்கைப் பிடித்து, கூடப் பிறந்த தங்கையின் ஓட்டுகளையே தூக்கிப் போட்டவர் இவர் என்று புகழ்ந்தார். அரங்கமே எழுந்து நின்றது. நான் முதல் வரிசையில் இருந்தேன், எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டினேன்.