ஒரு அளவு பெரிய சப்பாத்து

நான் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மூத்த மகள் மாகாண ஓட்டப் போட்டிக்குத் தெரிவானதும், அவளைக் கூட்டிப் போகாமல் நானே பதுளையில் சப்பாத்து வாங்கினேன். வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தேன்.

"உள்ளுக்குள்ள கால் வழுக்குதும்மா," என்றாள்.

"பஞ்சு வச்சிக்க புள்ள, அடுத்த வருசமும் போடலாம்," என்றேன்.

போட்டியில் முதலாவதாக ஓடியவள் வளைவில் கால் பிசகி விழுந்தாள். கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. ஒரு வருடமாகியும் அவளால் ஓட முடியவில்லை. என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது சின்னவளைக் கடைக்கே அழைத்துப் போகிறேன். காலுறையோடு போட்டு, கடைக்குள் ஓடிப் பார்க்கச் சொல்கிறேன். குதிகால் வழுக்கினால் வாங்குவதில்லை. மூத்தவள் எங்களோடு வருவதில்லை.