துரையிடம் இருந்த திறப்பு

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்த காலம். தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு வரும் கடிதங்களை நான் களவாகப் படிப்பதாக, புதிதாக வந்த சின்னக் கிளாக்கர் தோட்டமெங்கும் சொல்லித் திரிந்தார். என்னைக் கண்டால் கங்காணிமார் பேச்சை நிறுத்தினர். கல்லூரிக் காலம் முதல் காத்துவந்த நற்பெயர் கெடப் பொறுக்காமல், கண்டி நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தேன்.

என் வழக்கறிஞர் யாழ்ப்பாணத்தவர். சாட்சிக்கூண்டில் நின்ற சின்னக் கிளாக்கரை அவர் கேட்டார்.

"தபால் பையை இவர் திறந்ததை நீர் கண்டனீரோ?"

"ஆமாங்க, ஆபீசுலதான் தெனமும் தொறப்பாரு."

சாட்சியாக வந்திருந்த துரை தம் கடிகாரச் சங்கிலியை உயர்த்திக் காட்டினார். அதில் பைப் பூட்டின் சாவியான திறப்பு தொங்கியது. மற்றத் திறப்பு, கடிதங்களைப் பையிலிட்டுப் பூட்டி அனுப்பும் தபாற்கந்தோரில் இருந்தது. பூட்டிய பை நேரே துரையின் பங்களாவுக்கே போகும் என்பதைச் சின்னக் கிளாக்கர் அறிந்திருக்கவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்கச் சம்மதித்தார். தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்திலேயே அதை வாசிக்கவேண்டும் என்றேன். மறுநாள் தலைகுனிந்து வாசித்தார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்ங்க ஐயா" என்றார் பெரிய கங்காணி.

அது பொய்யென்று எனக்குத் தெரியும். ஆயினும் பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் அவர் என் முகம் பார்த்துப் பேசினார்; என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.