சந்தனம் வைத்த பிளாப்பி

பீளமேட்டில் நானும் என் மனைவி சரசுவும் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் விண்டோஸ், தமிழ் எழுத்துகள், சரசு வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் அப்படியே மீட்க, ஒரு பெட்டி நிறைய பிளாப்பி டிஸ்க்குகளில், ஒன்றன் தொடர்ச்சி இன்னொன்றாக, ஒரே நகல் எடுத்து வைத்திருந்தேன். ஆயுத பூஜையன்று சரசு, "ஏனுங்க, இதுகளும் ஆயுதந்தானுங்களே" என்று ஒவ்வொரு பிளாப்பியின் நகரும் உலோக மூடியிலும் சந்தனம் வைத்தாள். நானும் சிரித்தபடி எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த கோடையில் மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். மறுபடி கடை திறந்த சில நாட்களில் ஹார்ட் டிஸ்க்கும் போனது. புதியதை மாட்டிய சர்வீஸ்காரர் பிளாப்பிகளை வரிசையாகப் போட்டார். பாதியில் ஒன்று படிக்கவில்லை. மூடியை விலக்கிப் பார்த்தார்.

"அண்ணா, உள்ள சந்தனம் எறங்கிக் காஞ்சு கெடக்குதுங்க. இது படிக்காட்டி மிச்சமும் வராதுங்க. ஆருங்க வெச்சது?"

அந்தப் பிளாப்பியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

விண்டோஸை வேறு இடத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் செய்த பத்திரிகைகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இப்போது இரண்டு நகல் எடுக்கிறேன். ஒன்று வீட்டில் இருக்கும். எடுத்தவுடனே வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டும் பார்த்துவிடுகிறேன். பூஜையன்று பெட்டிக்கு மட்டும்தான் பொட்டு. அந்தப் பிளாப்பி என் மேசைக்குள் இருக்கிறது. மூடியின் மேல் அவள் விரல் பதிந்த சந்தனத்தை மட்டும் நான் துடைக்கவில்லை.