ஜவ்வாது மலை ஜீப்பும் மரத்துப்போன சுண்டுவிரலும்

ஜவ்வாது மலை பற்றி எழுதினாலே பீமன் அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும் என்றுதான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் என் முதல் பயணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1984 கார்த்திகை. நான் வேலூரில் பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். யார் கையைப் பார்த்தாலும் பிடித்துச் சோதிக்கத் துடித்த வயது. மழை விட்டிருந்தது, இரண்டு நாள் லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஏழேகாலுக்குப் போளூர். டிக்கெட் நாலரை ரூபாய். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மலை பஸ் போய்விட்டதால் ஷேர் ஜீப், எட்டு ரூபாய். நல்லவேளை பஸ் போய்த் தொலைந்தது, முன்சீட்டு கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

டிரைவர் கோவிந்தன் மலைக்காரர், முப்பது வயதிருக்கும். வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றியேதான் ஓட்டினார். நடுவழி டீக்கடையில் எல்லோரும் கடை கிளாஸில் குடிக்க, அவர் மட்டும் சீட்டுக்கு அடியிலிருந்து சொந்த டம்ளரை எடுத்தார். வலது சுண்டுவிரலை வேறு உதறிக்கொண்டே இருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? கை மரத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டேன்.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. ஆறு மாசமா இந்த வெரல்ல உணர்ச்சி இல்ல. பெரிய வியாதிங்க. பதினோரு மணிக்கு என் தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் என் மடியிலதான் வெக்கணும். உங்கள எறக்கிட்டு, வண்டி ரிப்பேருன்னு கீழ போய்டப்போறேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இன்னாத்துக்குங்க, ஊருக்கெல்லாம் தெரியறதுக்கா?"

பெரிய வியாதி என்று அவர் சொன்னது தொழுநோயை. அதிலும் இதே விரல்தான் முதலில் மரக்கும் என்பதால் அவர் பயம் வெறும் பிரமை இல்லை. ஜீப் பானெட்டே என் சோதனை மேஜை. உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இல்லை. முழங்கையின் உட்புறம், இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்தப் பள்ளத்தில் ஓடும் நரம்பைத் தடவினேன். இரண்டு கையிலும் ஒரே பருமன், தடிப்பு இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும், புறங்கையில் அதே பக்கமும்தான் மரத்திருந்தன. முழங்கையை நன்றாக மடக்கி வைக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஆவதற்குள், "கரண்டு ஓடுதுங்க" என்றார்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"உங்க வியாதி அந்த ஜன்னல்தாங்க. நரம்பு நசுங்குது. வேலூருக்கு வந்து டெஸ்ட் பண்ணிடுங்க. அதுவாவே இருந்தாலும் மருந்து இருக்கு, மடியில வெச்சா கொழந்தைக்கு ஒட்டிக்காது."

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மீதி மலையை அடித்து ஓட்டினார். பத்து மணிக்கு ஜமுனாமரத்தூர். என்னையும் விசேஷத்துக்கு இழுத்துப்போனார்கள். குழந்தை வீறிட்டு அழ, தாய்மாமன் இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் விறைப்பாக நீட்டி வைத்திருந்தார். ஏன் என்று தங்கை கேட்டாள். "மடக்கக்கூடாதாம்" என்றார். பிறகுதான் நான் சாமைச் சோறு சாப்பிட்டு அருவிக்குப் போனேன்.

போகிறவர்களுக்கு: அருவியில் தண்ணீர் பார்க்கக் கார்த்திகைதான் சரியான மாதம், ஸ்வெட்டர் அவசியம். ஜன்னலில் முழங்கை ஊன்றாதீர்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் கை பலமும் போகும். கோவிந்தனுக்கு வேலூர் டாக்டரும் நரம்பு நசுங்கல் என்றே சொன்னார். தூங்கும்போது கை மடங்காமலிருக்கத் துண்டைச் சுற்றிக் கட்டிப் படுத்தார். நாலு மாதத்தில் உணர்ச்சி திரும்பியது, ஆபரேஷன் தேவைப்படவில்லை.

அந்த டெஸ்டுக்கெல்லாம் முன்னால், மறுநாளே, அவர் ஜீப்பில்தான் மலையிறங்கினேன். அதே டீக்கடையில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் கை விடவில்லை. "எனக்கும் கடை கிளாஸ்லயே குடுங்க" என்றார்.