ஆபீசர் கேட்காமல் விட்ட கேள்வி

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் தம்பி கட்டியிருக்கும் வீட்டின் குளியலறையில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. பச்சைத் தண்ணீர் பிடிக்கப் போனால் என் கை தானாக வெந்நீர்க் குழாயைத் திறக்கிறது. மஸ்கட்டில் அப்படித்தான் செய்வோம். வெயில் காலத்தில் அங்கே மாடித் தொட்டி கொதித்துக் கிடக்கும், சாதாரணக் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரை வெந்நீர்க் குழாயில் பிடித்துக் குளிப்போம். பதினெட்டு வருசம் அப்படிப் பழகின கை. நான் ஊருக்கு வந்துவிட்டேன் என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, எழுதினால் கொஞ்சம் வரும். என் தம்பி மகள் நிவேதா மஸ்கட்டில் வளர்ந்து இப்போது அமெரிக்காவுக்குக் காலேஜ் படிக்கப் போயிருக்கிறாள். அவளை அனுப்ப நாங்கள் பட்ட பாட்டை, வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தம்பி என்னை அங்கே வரவழைத்தான். அவன் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர், அவன் மனைவி செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி நாள் நைட் டூட்டி. நான் வீட்டுக்காரரை இழந்து, பிள்ளையும் இல்லாமல் இருந்தேன். கூடப்பிறந்த அக்காவுக்கு அங்கே வேறு விசா கிடைக்காது என்று வீட்டு வேலைக்காரி விசாவில்தான் போனேன். கீழ் வீட்டு ஓமான்காரம்மா நிவேதாவைக் காட்டி, “பின்த்?” என்று என்னிடம் கேட்டார். மகளா என்று அர்த்தமாம். அது தெரியாமலே தலையாட்டிவிட்டேன். பிறகு தெரிந்தது, ஆனால் இல்லையென்று சொல்ல எனக்கு அரபி வரவில்லை. கடைசி வரை அந்த அம்மாவுக்கு நான் தாய்தான்.

அமெரிக்க விசாவுக்கு நேரில் போய்ப் பேச வேண்டும், அதைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்று இந்த வருசம் லீவில் வந்தோம். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு ஏஜெண்டிடம் யோசனை கேட்கப் போனோம். அவர், “படிப்பு முடிஞ்சதும் எங்க திரும்பிப் போவேன்னு கண்டிப்பா கேப்பாங்கம்மா. மஸ்கட்டுன்னு சொல்லாத, அது உன் ஊரு இல்ல. தருமபுரியில வூடு இருக்குது, சொந்தம் இருக்குது, அங்க திரும்பிடுவேன்னு தெளிவாச் சொல்லணும்” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நிவேதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறந்து வளர்ந்த இடத்தை உன் ஊர் இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லி அன்றுதான் கேட்டாள் போல.

வீட்டில் அந்தப் பதிலைத் தம்பி பழக்கிக் கொடுத்தால் அரை மணியில் கத்தல் ஆகிவிடும். அதனால் விசா ஆபீசராகக் கேள்வி கேட்கும் வேலை எனக்கு வந்தது. நிவேதா என்னை நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கேள்வியையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். நான் “வேர் வில் யூ கோ ஆஃப்டர் யுவர் ஸ்டடீஸ்” என்று ஒரே மூச்சில் கேட்பேன்.

“சிரிக்காதீங்க அத்தை. ஆபீசருங்க சிரிக்க மாட்டாங்க.”

“எனக்கு நெசமாலுமே பயமாத்தான் இருக்குது கண்ணு.”

“பயப்பட வேண்டியது நானு. நீங்க மொறைங்க.”

பக்கத்து வீட்டு மாதம்மா வேலி ஓரம் நின்று, “என்னங்க ஆபீசரம்மா, இன்னிக்காச்சும் விசா குடுத்தீங்களா, இல்ல புள்ளய நாளைக்கி வரச் சொல்லிட்டீங்களா?” என்று கேலி பண்ணுவாள்.

நிவேதா இங்கிலீஷில் சொல்லும் பதிலில் தருமபுரி, ஆன்ட்டி என்ற இரண்டு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. தமிழில் சொல்லச் சொன்னேன். “என் வீடு தருமபுரியில் இருக்கிறது. என்னை வளர்த்த அத்தை அங்கே இருக்கிறார். படிப்பு முடிந்ததும் அவரிடம் திரும்புவேன்” என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். தினமும் அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் இங்கிலீஷை விட்டுவிட்டு, “நெசமா வருவியா கண்ணு?” என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. “இது அவங்க கேக்குற கேள்வி இல்ல அத்தை” என்றாள். “எங்கன்னு வருவேன்? நான் போனா என் மஸ்கட் விசா ஆறு மாசத்துல போயிடும். அப்பாவும் கொஞ்ச நாள்ல அந்த வூட்டக் காலி பண்ணிடுவாங்க. இங்க உங்களத் தவிர எனக்கு யாரத் தெரியும்?” என்றாள்.

வருசம் ஒரு மாதம் ஊருக்குக் கூட்டி வந்தோம் என்றுதான் பேர். அந்த ஒரு மாதமும் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வர, அவளுக்கு மட்டும் கேன் தண்ணீர். வெயில் என்றும் கொசு என்றும் உள்ளேயே வைத்திருந்தோம். வத்தல்மலைக்குப் போகலாம் என்று கேட்டவளை அடுத்த வருசம் அடுத்த வருசம் என்று ஏமாற்றினோம். நம்ம ஊர், நம்ம ஊர் என்று அங்கே சோறூட்டும்போதெல்லாம் சொன்ன ஊரை, இங்கே வந்து தொடவிடாமல் காப்பாற்றிவிட்டோம். பேச்சு மட்டும் என் பேச்சு, வாயைத் திறந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளை என்றே நினைப்பார்கள். கால் பழகவில்லை.

மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். அவள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போக, நானும் தம்பியும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். சீக்கிரமே சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன படிப்பு, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அப்படியென்றால் விசா கிடைத்துவிட்டது என்று தம்பி அங்கேயே செல்விக்குப் போன் போட்டான்.

“திரும்பி வர்றதப் பத்தி?” என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“கேக்கவே இல்ல அத்தை.” பிறகு, “சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள்.

ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து அவளுக்கு விமானம். தம்பிக்கும் அன்றே மஸ்கட் விமானம். கார் நிற்கும் இடத்தில், வளைகுடாக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கொக்கித் தராசில் அவள் பெட்டியைத் தம்பி தூக்கிப் பார்த்தான். எடை கூடியிருந்தது. நான் வைத்த கேழ்வரகு மாவை எடுத்துவிடுவாள் என்று பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து தன் தலையணையை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து மஸ்கட்டில் அவள் தலைக்கு வைத்துப் படுத்தது.

“இத வூட்டுல வெச்சிருங்க. வந்து எடுத்துக்கிறேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். எந்த வீட்டில் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. மஸ்கட் வீட்டுச் சாமான் என்று தம்பி கையை நீட்டினான். அதற்குள் நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள், நான் பஸ் ஏறினேன். சீக்கிரம் திரும்பாவிட்டால் என் விசாவும் செத்துப்போகும் என்று தம்பி போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் துணிகள் பாதி அங்கே அலமாரியில் இருக்கின்றன. தலையணை இங்கே கட்டிலில் கிடக்கிறது. முகர்ந்தால் மஸ்கட் வீட்டு சோப்பு வாசம் அடிக்கிறது. துவைத்தால் போய்விடும். துவைக்காவிட்டால் எங்கள் ஊர்ப் புழுதி ஏறுகிறது. தினமும் தட்டி அதே இடத்தில் வைக்கிறேன்.